துளைக்கு ஏது முகம்

சிவகாசி தபாலாபீசில் தந்தி எழுதும் மேஜை சன்னலோரம் கிடந்தது. தொட்டு எழுதுகிற பேனா ஒன்று, அடியில் கட்டி தட்டிப்போன மைக்கூடு, ஒரு கட்டு வெற்றுத் தாள். அந்த மேஜைக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் எஸ்தர் டீச்சர். வெளியே ஐப்பசித் தூறல். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

சாயங்காலம் நாலு மணிக்கு டீச்சருடைய தம்பி ஓர் இரும்பு ஏணியில் ஏறி நிற்கப்போகிறார். யானையைவிடப் பெரிய குழாய் ஒன்று திரும்பி வந்து அவரைச் சுவரோடு வைத்து நசுக்கப்போகிறது. அப்படித் திரும்பி வரச்சொல்லி அந்தக் குழாய்க்கு உத்தரவு செய்து அனுப்பியவன் நான். இந்த விஷயம் அப்போது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன அண்ணாச்சி, வகுப்புல நின்னவளைக் கையோட கூட்டிட்டு வந்துட்டு வாயத் தொறக்காம நிக்கீக? என்ன எழுதணும், சொல்லுங்க" என்றார் டீச்சர்.

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தந்தி இங்கிலீஷ் எழுத்தில்தான் போகும். இங்கிலீஷ் எனக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரிதான் பழக்கம். அச்சுக்காரன் ஆனதால் ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கிப் பிழையில்லாமல் அடுக்கிவிடுவேன். அடுக்கினது என்ன வார்த்தை என்று கேட்டால் முழிப்பேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். சாருக்கு ஒரு சின்னத் திருத்தம் சொல்லணும்."

டீச்சர் பேனாவை மைக்கூட்டிலேயே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சின்னத் திருத்தத்துக்கு யாரும் தந்தி அடிக்க மாட்டாக."

கார்டு போட்ட வாசகருக்கு

இந்தத் தொடரைப் படித்துவிட்டு சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். "ஐயா, வாராவாரம் தற்பெருமை தாங்கவில்லை" என்கிறார். படித்தேன். பெருமைப்பட என்னிடம் சரக்கு இருக்கிறது, படுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், திருத்தங்கலில் இரண்டு டிரெடில் அச்சு மிஷினும், அட்டை வெட்டுகிற டை மிஷினும் சொந்தமாகப் போட்டு உட்கார்ந்தேன் என்றால் சும்மாவா? நான் அடித்த லேபிள் ஒட்டாத தீப்பெட்டி அந்தக் காலத்தில் தெற்கே குறைவு.

ஆனால் இந்த வாரம் அவருக்குப் பிடிக்கும்.

என் பேத்தி சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். "தாத்தா, சாப்ட்வேர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "உங்கப்பன் பிறக்கிறதுக்கு முன்னாடி சாப்ட்வேர் செஞ்சவன்ட்டி நான்" என்றேன். நம்பவில்லை. அவளுக்காகவும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். அன்றைக்கு எங்களுக்கு அந்த வார்த்தை கிடையாது. அட்டை என்போம்.

வானம் பார்க்கிற குழாய்

டீச்சருடைய தம்பி சாமுவேல் சார் மேற்கே ஒரு மலையில் எஞ்சினியர். அங்கே நட்சத்திரம் பார்க்கிறதற்கு ஒரு பெரிய தொலைநோக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். குழாயைத் திருப்ப நாலு பேர் சக்கரம் சுற்ற வேண்டியிருந்தது. மோட்டார் வைத்துத் தானாகத் திருப்ப வேண்டும், எந்த மோட்டார் எப்போது ஓடவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சாருடைய ஆசை. அந்த எழுத்துதான் அட்டை.

விஷயம் சுலபம். ஓர் அட்டைக்கு ஓர் உத்தரவு. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். அட்டை ஒரு தட்டில் வந்து விழும். தட்டுக்கு அடியில் வரிசையாக ஊசிகள். துளை இருக்கிற இடத்தில் மட்டும் ஊசி மேலே ஏறும். ஏறினால் மின்சாரம் பாயும், அதற்குண்டான மோட்டார் சுற்றும். இடது ஓரத்தில் துளை இருந்தால் குழாய் கிழக்கே போகும். வலது ஓரத்தில் இருந்தால் மேற்கே.

மாதிரிக்குச் சில அட்டைகளை சார் கையாலேயே துளைபோட்டு ஓட்டிப் பார்த்திருந்தார். அது வேலை செய்தது. இனி நூற்றுக்கணக்கில் வேண்டும், மயிரிழை பிசகக் கூடாது. "சிவகாசிப் பக்கம் துளை போடத் தெரியாதவன் உண்டா, வந்து பாரு" என்று அக்காக்காரி கடுதாசி போட, விருதுநகரில் படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்க்க வந்த கையோடு சார் என் பிரஸ்ஸுக்கு வந்தார். ஒல்லியான மனுஷர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிற பழக்கம்.

"அண்ணாச்சி, பிழை விழுந்தா உங்க லேபிள்ல ஒரு கால் எழுத்து போகும். எங்க தொலைநோக்கிக் கண்ணாடி போச்சுன்னா இன்னொண்ணு கப்பல்ல வரணும். புரியுதுல்லா?" என்றார்.

"எங்க ஊர்ல பிழை விழுந்தா ஆளே போகும் சார். எனக்கா சொல்லிக் கொடுக்கீக?" என்றேன். அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

சுடலை சொன்ன விதி

பிரஸ் போடுவதற்கு முன்னால் நான் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையில் இருந்தவன். திருவிழாக்களுக்கு வாணவேடிக்கை கட்டிக்கொண்டு போவோம். திரியின் நீளத்தை வைத்துத்தான் எது முதலில், எது அடுத்து என்பதெல்லாம். எனக்கு அங்கே போர்மேன் சுடலை. வலது கையில் மூன்று விரல்தான். சுடலைக்கு ஒரு விதி உண்டு. வேடிக்கைக்குக் கிளம்பும்போதெல்லாம் மாட்டுவண்டியில் உட்கார்ந்து அதை ஒப்பிப்பார்.

"முன்னது வெடிச்ச சத்தம் காதுல விழாம அடுத்ததத் தொடாத."

அந்த விதிக்கு இன்னொரு பாதியும் இருந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சாமுவேல் சார் போட்ட ஏற்பாட்டில் கடிகாரம்தான் அட்டையைத் தள்ளும். கால் நிமிஷம் ஆனதும் மோட்டார் நிற்கும், அடுத்த அட்டை விழும். அச்சுக் கோக்கிற மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி அட்டைகளைப் பரப்பி எனக்கு விளக்கினார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சார், குழாய் போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு இந்த அட்டைக்கு எப்படித் தெரியும்?"

"கால் நிமிஷத்துல போயிரும் அண்ணாச்சி. கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"திரிக்கும் கணக்கு உண்டு சார். அச்சங்குளத்துல அந்தக் கணக்கு தெரிஞ்ச ஆளுகதான் விரல் இல்லாம திரியுதாக."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுதீக?"

சுடலையின் விதியைச் சொல்லி, போய்ச் சேரவேண்டிய இடத்தில் ஒரு குமிழ் வையுங்கள் என்றேன். குழாய் போய் அந்தக் குமிழைத் தொடவேண்டும். தொட்டால்தான் மோட்டார் நிற்கவேண்டும், தொட்டால்தான் அடுத்த அட்டை விழவேண்டும். கடிகாரத்தைக் கழற்றி எறியுங்கள்.

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க படிச்சிருந்தா என் நாற்காலியில நீங்கதான் உக்காந்திருப்பீக" என்றார். இதைக் கடைத்தெருவில் நான் சொல்லாத ஆள் கிடையாது. சவரம் பண்ணுகிறவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

பூரி மாதிரி உப்பிய அட்டை

தீபாவளி லோடெல்லாம் போய், காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது. அடைமழை. அட்டைக்கு மழை ஆகாது. நாங்கள் வாங்கின அட்டைக்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. ஈரக்காற்றுப் பட்டால் ஒரு பக்கமாக வளைந்துகொண்டு நிற்கும்.

மொத்தம் மூன்று கட்டு. முதல் இரண்டு கட்டும் துளை போட்டு, நம்பர் அச்சடித்து முடிந்தது. மூன்றாவது கட்டுதான் கிழக்கு மேற்குக் கட்டு. என்னுடைய மிஷின்காரர் பரமசிவம் வந்து தலையைச் சொறிந்தார்.

"மொதலாளி, அட்டை பூரி மாதிரி உப்பிக்கிட்டு நிக்கி. டைக்குள்ள போக மாட்டேங்கி."

"முதமுதலா மழையப் பாக்கியாக்கும்? திருப்பி அடுக்கி மேல பாரத்தத் தூக்கி வையிலே. ரெண்டு நாள்ல படிஞ்சிரும்."

பிரஸ்ஸில் எல்லாரும் செய்கிற காரியம்தான். வளைந்த அட்டையைக் கவிழ்த்து அடுக்கிப் பாரம் வைத்தால் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தது. கவிழ்த்து அடுக்கின வாக்கிலேயே பரமசிவம் டையில் கொடுத்துத் துளை போட்டார். அதாவது சொரசொரப்பான பக்கம் மேலே. பிறகு நம்பர் அடிக்க டிரெடிலுக்கு எடுத்துப்போனார்.

இங்கேதான் எங்கள் ஜாதி மட்டும் செய்கிற தப்பு. அச்சுக்காரன் ஜாதியைச் சொல்கிறேன். எந்த அட்டையைக் கையில் கொடுத்தாலும் எங்கள் கட்டைவிரல் தானாக வழவழப்பைத் தேடும். மை ஏறவேண்டிய பக்கம் அதுதான். அதுதான் முகம், மற்றது முதுகு. இதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பரமசிவத்தின் கட்டைவிரலும் கேட்கவில்லை. வழவழப்பான பக்கத்தில் ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக அடித்து அடுக்கிவிட்டார்.

துளை ஒரு பக்கத்துக்கு, நம்பர் மறுபக்கத்துக்கு.

மலையில் அட்டை போடுகிறவருக்கு சாமுவேல் சார் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்று: நம்பர் மேலே தெரிய வேண்டும். நம்பர் மேலே தெரிகிற மாதிரி அந்தக் கட்டைப் போட்டால் இடது ஓரத் துளை வலது ஓரத்துக்கு வந்துவிடும்.

அனுப்புகிறதற்கு முன்னால் நானே எடுத்துப் பார்த்தேன். மை சீராக ஏறியிருக்கிறதா, நம்பர் கோணாமல் இருக்கிறதா, துளை சுத்தமாக விழுந்திருக்கிறதா? எல்லாம் பிரமாதம். லேபிளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "சாமுவேல் சாருக்குக் குடுத்து வச்சிருக்கு" என்று சொல்லி லாரியில் ஏற்றினேன்.

கம்பியில் தொங்கின பிரதி

எந்த வேலை முடிந்தாலும் ஒரு பிரதியைச் சுவரில் தொங்குகிற கம்பியில் குத்திவைப்போம். ஆபீஸ் காப்பி என்று பெயர்.

அந்த வியாழக்கிழமை காலையில் சாரிடமிருந்து கடுதாசி வந்தது. கண்ணாடியைக் குழாய்க்குள் ஏற்றியாயிற்று, வியாழன் மாலை சரியாக நாலு மணிக்கு முதல் ஓட்டம், கிழக்கு மேற்குக் கட்டிலிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறோம் என்று எழுதியிருந்தார். "குழாய் கிழக்கே நகரும். மேற்கு ஏணியில் நின்றால்தான் அளவு காட்டும் முள் தெரியும், நான் அங்கே நிற்பேன். அந்நேரம் உங்களை நினைத்துக்கொள்வேன்" என்று முடித்திருந்தார்.

சந்தோஷத்தில் ஆபீஸ் காப்பியை எடுத்துப் பார்க்கலாம் என்று கம்பியில் கைவைத்தேன்.

மூன்றாவது கட்டின் முதல் அட்டை. நம்பர்மேல் கட்டைவிரலை ஓட்டினேன். துளை ஓரத்தில் பிசிறு தட்டியது.

டை இறங்குகிற பக்கம் துளையின் ஓரம் மழமழவென்று இருக்கும். வெளியேறுகிற பக்கம்தான் பிசிறு நிற்கும். நம்பர் இருக்கிற பக்கத்தில் பிசிறு நிற்க நியாயமே இல்லை. பக்கத்துக் கம்பியில் சார் கையால் துளைத்த மாதிரி அட்டை தொங்கியது. இரண்டையும் சேர்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றில் வெளிச்சம் இடது பக்கம் வந்தது, ஒன்றில் வலது பக்கம். என்னுடையதைத் திருப்பினேன். இரண்டும் ஒன்றாகிவிட்டது. நம்பர் பின்னால் போய்விட்டது.

லேபிளுக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. துளைக்கு ஏது முகம்? இரண்டு பக்கமும் வாசல்தானே. இந்தச் சின்ன விஷயம் இருபது வருஷம் அட்டையில் புழங்கினவன் மூளையில் அன்றுவரை ஏறவில்லை.

முதலில் மனசு ஒரு சமாதானம் சொன்னது: தப்பான பக்கம் திரும்பினாலும் கால் நிமிஷத்தில் மோட்டார் நின்றுவிடுமே, ஏணிக்கு எட்டுவதற்குள் நின்றுவிடுமே.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கடிகாரத்தைக் கழற்றச் சொன்னவன் யார்? நான். கிழக்குக் குமிழைத் தொடுகிறவரை நிற்காதே என்று சொன்னவன் யார்? நான். குழாய் மேற்கே போய்க்கொண்டே இருக்கும். கிழக்கில் இருக்கிற குமிழை அது எந்தக் காலத்தில் தொடும்? மேற்கே ஏணியும் சுவரும் தவிர ஒன்றுமில்லை. நிறுத்துகிற விசை கீழ்த்தளத்தில் இருக்கிறது. கீழே இருக்கிற ஆளுக்கு மேலே நடக்கிறது தெரியாது. ஏணியில் நிற்கிறவர் இறங்கி வந்து மணி அடித்தால்தான் உண்டு.

சார் வைத்த கடிகாரமே இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். என் புத்திசாலித்தனம் அவரைக் கொல்லப்போகிறது.

சைக்கிளை எடுத்து மழையில் மிதித்தேன். சார் இருந்த இடத்தில் அப்போது டெலிபோன் கிடையாது.

முதல் வரி

"சின்னத் திருத்தத்துக்கு யாரும் தந்தி அடிக்க மாட்டாக" என்று டீச்சர் சொன்னதில் விட்டேன் அல்லவா?

சொன்னேன். அட்டையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிச் சொன்னேன். பரமசிவம் பேரை ஒரு தடவை இழுத்தேன். பிறகு எனக்கே கூசியது. "திருப்பி அடுக்கச் சொன்னது நான். பாத்து அனுப்புனதும் நான். என் தப்பு டீச்சர்" என்றேன். அந்த மூன்று வார்த்தை என் வாயிலிருந்து அதற்கு முன்னால் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. என் வீட்டுக்காரியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

டீச்சர் அழவில்லை, கத்தவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி ஆனது. பேனாவைத் தொட்டார். எழுத ஆரம்பித்தார்.

"என்ன எழுதுதீக?"

"அப்பா சுகம்."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அப்பாவப் பத்தி இப்ப யாரு கேட்டா? 'அட்டை தப்பு, ஓட்டாத' அத மொதல்ல எழுதுங்க டீச்சர், நேரமாகுது!"

"சும்மா இருங்க." பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சை அடக்குகிற குரல். "அப்பா மூணு மாசமாப் படுக்கையில கெடக்காக. எங்க வீட்டுக்குத் தந்தி வந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? அதப் பிரிச்சுப் பாக்கவே அவனுக்குக் கை வராது. பிரிச்ச உடனே கண்ணுல இதுதான் படணும். இல்லைன்னா மிச்சத்தப் படிக்க மாட்டான்."

அப்பா சுகம். அட்டை தப்பு. ஓட்டாதே. அவ்வளவுதான் தந்தி.

உள்ளே தந்திக்காரர் கட்டுக் கடவென்று தட்டினார். தட்டி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"போயிருச்சா?" என்றேன்.

"மதுரைக்குப் போயிருச்சு. அதுக்கு மேல அவுக பாடு. மலையில தபால்காரர் நடந்து போய்க் குடுக்கணும்லா."

"நாலு மணிக்குள்ள கெடைச்சிருமா?"

"நான் என்ன ஜோசியமா பாக்கேன்?"

நூறு

நாலு மணிக்கு நான் டீச்சருடைய பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரஸ்ஸுக்குப் போகக் கால் வரவில்லை. உள்ளே டீச்சர் பாடம் நடத்துகிற சத்தம் கேட்டது. ஏழாம் வாய்ப்பாடு. பிள்ளைகள் இழுத்து இழுத்துச் சொல்ல, டீச்சர் குரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்திருப்பார். பிள்ளைகள் தாங்களாகவே மிச்சத்தைச் சொல்லி முடித்தார்கள்.

நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... அறுபதைத் தாண்டினபோதுதான், எதற்காக எண்ணுகிறேன் என்று உறைத்தது.

சுடலையுடைய விதியின் அடுத்த பாதி.

அன்றிரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளினேன், அவ்வளவுதான்.

மறுநாள் பத்து மணிவாக்கில் மறுபடியும் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். தந்திச் சேவகர் சைக்கிளில் வந்து இறங்கினார். டீச்சர் வெளியே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். வாங்கினாரே தவிரப் பிரிக்கவில்லை. ஒட்டின வாயை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"பிரிங்க டீச்சர்."

"நீங்க பிரிங்க."

"எனக்கு இங்கிலீஷ் வராது."

"தெரியும். பிரிச்சு மட்டும் குடுங்க."

பிரித்தேன். கிழிபட்டுவிடாமல் பிரிக்க எத்தனை நேரம் ஆனதென்று தெரியவில்லை. டீச்சர் வாங்கிப் படித்தார். உதடு அசைந்தது. பிறகு அந்தத் தாளாலேயே என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். பிள்ளைகளெல்லாம் சன்னலில் நின்று பார்க்கிறார்கள்.

"நான் சுகம், ஏணி போயிற்று, அண்ணாச்சியைப் பார்க்க வருகிறேன்" என்று தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார்.

எனக்கும் உயிர் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. பார்க்க வருகிறாராமே, எதற்கு?

சார் வந்தார்

சனிக்கிழமை விருதுநகரில் அப்பாவைப் பார்த்துவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்குளில் என்னுடைய மூன்றாவது கட்டு. பரமசிவம் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நடந்ததை சாரே சொன்னார். நாலாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் ஏணியில் ஏறி நின்றாராம். கீழே இருந்த ஆளிடம் சரியாக நாலு மணிக்கு விசையைப் போடச் சொல்லியிருந்தார். அந்நேரம் வாசலில் தபால்காரர் "சார், தந்தி!" என்று கத்தியிருக்கிறார்.

"அப்பா போயிட்டாகன்னு நினைச்சுட்டேன் அண்ணாச்சி. ஏணியில இருந்து எப்படி எறங்கினேன்னே தெரியல. வாசல்ல போய் அதக் கையில வாங்கி வச்சுக்கிட்டு நிக்கேன். பிரிக்க முடியல. நாலு அடிச்சிருச்சு. கீழ இருக்கவனுக்கு நான் எறங்கினது தெரியாதுல்லா, சொன்னபடி விசையப் போட்டுட்டான். பின்னால கரகரன்னு சத்தம். திரும்பிப் பாத்தா ஏணி சுவத்தோட மடங்கிக் கெடக்கு. ஓடிப்போய் மணிய அடிச்சேன்."

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயின் விளிம்பு நசுங்கியது, ஒரு மோட்டார் கருகியது.

"அதுக்கப்புறந்தான் தந்தியப் பிரிச்சேன். 'அப்பா சுகம்'னு இருந்துச்சு. அத மட்டும் ரொம்ப நேரம் படிச்சேன். உங்க அட்டை விஷயத்துக்கு வரவே கால்மணி ஆச்சு" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் தலையைக் குனிந்து நின்றேன். திட்டுவார், வேலையைப் பிடுங்கிக்கொண்டு போவார் என்று காத்திருந்தேன். அவர் அந்த அட்டைக்கட்டை மேஜைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, அந்தச் சுடலை சொன்ன விதி அம்புட்டுதானா? இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருக்கு சார். 'நூறு எண்ணு. அதுக்குள்ள சத்தம் வரலைன்னா, எல்லாத்தையும் அங்கனயே போட்டுட்டு விலகிப் போயிரு.'"

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அது பயந்தாங்கொள்ளிக்குச் சொன்னதுன்னு நினைச்சிட்டேன் சார். நான் எண்ணினதே கெடையாது."

சார் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். குமிழ் இருக்கட்டும், கடிகாரமும் திரும்ப வரட்டும். இத்தனை எண்ணுவதற்குள் குமிழ் தொடவில்லை என்றால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். "நூறு வேணுமா?" என்றார். "இருபது போதும் சார், பட்டாசு இல்லையே" என்றேன். முதல் தடவையாக அவர் சிரித்தார்.

நான் அட்டை வெட்டுகிற கத்தியை எடுத்து ஓர் அட்டையின் இடது மேல் மூலையைச் சாய்வாக வெட்டினேன். தட்டில் அந்த மூலைக்கு நேராக ஓர் ஆணி அடித்துவிடுங்கள் என்றேன். திருப்பிப் போட்டால் ஆணியில் முட்டி நிற்கும், உட்காராது. கண் தெரியாதவன் போட்டாலும் தப்பாகப் போட முடியாது. அன்றைக்கு மூன்று கட்டையும் புதிதாகச் செய்ய உட்கார்ந்தோம். துளை போட்டு முடிக்கிறவரை நம்பர் அடிக்கிற மிஷினைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வோர் அட்டையையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது நான். பேத்தி சொல்கிறாள், இதற்கெல்லாம் இப்போது பெரிய படிப்பு இருக்கிறதாம்.

இரண்டாவது ஓட்டத்துக்கு நானும் மலைக்குப் போனேன். புது ஏணி போட்டிருந்தார்கள். சார் அதில் ஏறக் கால் வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்குங்க. நான் நிக்கேன்."

"உங்களுக்கு முள்ளுப் பாக்கத் தெரியாதே அண்ணாச்சி?"

"எண்ணத் தெரியும்லா?"

ஏறி நின்றேன். இரும்பு ஏணி சில்லென்று இருந்தது. நாலு மணி. எங்கோ ஓர் அட்டை விழுகிற சத்தம், நான் செய்த அட்டை. ஒன்று. குழாய் முனகியது. இரண்டு. மூன்று. அசைகிறதா, எந்தப் பக்கம் அசைகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஏழு. எட்டு. எனக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் அகலமானது. பதினொன்று. அகலமானது. பதினேழில் கிழக்குப் பக்கம் குமிழ் டக்கென்றது.

இறங்கினதும் சாரிடம்கூடப் பேசாமல் மலைத் தபாலாபீசுக்கு நடந்தேன். எஸ்தர் டீச்சருக்குத் தந்தி என்றேன். எழுதுகிறவர் பேனாவைத் தொட்டுக்கொண்டு என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்.

"மொதல்ல 'தம்பி சுகம்'னு எழுதுங்க."

"மிச்சம்?"

குழாய் கிழக்கே போனது, அட்டை ஜெயித்தது, நான் ஏணியில் நின்றேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது.

"அம்புட்டுதான்" என்றேன்.